ஏழு கைகளும் ஒரு வினையும்

கொல்லும் கை, கொல்லப்படுவோரின் முகத்தைக் காணாவிடின், அக்கொலையின் பொறுப்புக் குறையுமோ? இவ்வினாவை ஈண்டு ஆராய்வோம்.

இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் விமானப் படையின் லங்காஸ்டர் குண்டு விமானத்தில் எழுவர் சென்றனர். ஒருவர் விமானத்தை ஓட்டினார். ஒருவர் எஞ்சின்களைக் கவனித்தார். ஒருவர் வழி கணித்தார். ஒருவர் கம்பியில்லாத் தந்தியைக் கையாண்டார். இருவர் துப்பாக்கியுடன் காவல் புரிந்தனர். ஒருவர் குறி பார்த்துக் குண்டை விடுவித்தார். பெரும்பாலோர் இளைஞர்; தாமே முன்வந்தவர். அப்படையின் குண்டுவீச்சுப் பிரிவில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் மாண்டனர். அவர்தம் துணிவை நாம் குறைத்துரையோம்.

ஆயினும் கீழேயும் நோக்குதல் வேண்டும். 1943 ஜூலை இறுதியில் ஹாம்பர்க் நகர்மீது நிகழ்ந்த தாக்குதல்களில் 30,000-க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். பெண்டிரும் குழந்தைகளும் அவருள் அடங்குவர். இது யார் வினை? "நான் வழி மட்டுமே கணித்தேன்" என்பார் ஒருவர். "நான் ஆணைப்படி நடந்தேன்" என்பார் மற்றொருவர். ஆலையில் பஞ்சு பல கை மாறியே நூலாகிறது. கூலி பெறுங்கால் "இந்நூலில் என் உழைப்பும் உண்டு" என்று சொல்லாத தொழிலாளி உண்டோ? உழைப்பில் பங்குண்டெனில் பழியிலும் பங்குண்டு. பொறுப்பு ஏழு கூறாகப் பிரிந்து சிறுத்துவிடுவதன்று. ஒவ்வொருவரிடமும் முழுமையாகவே நிற்கிறது.

"ஹிட்லரின் கொடுமையை வேறெங்ஙனம் தடுப்பது?" என்பர் சிலர். கொடுமையைத் தடுத்தல் கடமையே. ஆனால் நோக்கம் நேரியது என்பதனாலேயே அதன்பொருட்டுச் செய்யும் ஒவ்வொரு செயலும் நேரியதாகிவிடாது.

1944 பிப்ரவரி 8-ஆம் நாள் இரவு, பிரான்சின் லிமோஜ் நகரில் ஜெர்மானியருக்காக விமான எஞ்சின் செய்த ஆலையைத் தாக்க லியோனார்ட் செஷயர் என்னும் விமானி தம் படையுடன் சென்றார். உள்ளே பிரெஞ்சுத் தொழிலாளப் பெண்கள் இரவு வேலையில் இருந்தனர். அவர் உடனே தாக்கவில்லை. ஆலையின் மேல் மும்முறை தாழப் பறந்து, வரவிருக்கும் அபாயத்தை உணர்த்தி, அவர்கள் தப்பியோட அவகாசம் தந்தார். பின்னரே தாக்குதல் தொடங்கியது. ஆலை பெருஞ்சேதமுற்றது. தாழப் பறப்பது தமக்கே ஆபத்து என்பதை அவர் அறியாதவரல்லர்.

அவ்வோர் இரவு ஏனைய இரவுகளின் கணக்கைத் தீர்த்துவிட்டது என்று நாம் சொல்லோம். யுத்தம் அதே யுத்தம். ஆணையும் அதே ஆணை. எனினும் ஆணைக்குள்ளும் இரக்கத்திற்கு இடமுண்டு என்பதை அது மெய்ப்பித்தது. தூரம் நம் கண்ணை மறைக்கலாம், வினையை மறைக்காது. ஆதலின் எப்பணியில் நிற்பினும், நம் செயல் சென்று சேரும் கடைசி முனையில் யார் இருக்கிறார் என்று கேட்போமாக.