நீலக் கரைசலில் ஒரு துளி

ஆந்திராவின் கார்வேட்டிநகரத்தில் பிரசவத்தின்போது ரத்தப்போக்கு நிற்காவிட்டால் வண்டி திருப்பதிக்கோ சித்தூருக்கோ ஓடவேண்டும். ரத்தம் தயாராக இருந்தால் தாய் பிழைப்பாள். இல்லையென்றால், "கூட வந்தவங்க யாராவது குடுங்க" என்ற குரல் கேட்கும். கூட வந்தவர்கள் பெரும்பாலும் ஒரு மாமியாரும் கைக்குழந்தைக்காரியுமாக இருப்பார்கள்.

*

காசுக்கு ரத்தம் விற்ற காலம் ரொம்பத் தூரத்தில் இல்லை. 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தச் சொல்லித் தீர்ப்பளித்த பிறகு, 1998-லிருந்து அது தடை செய்யப்பட்டது. அந்த இடத்தை நிரப்ப முன்வந்தவர்களில் கல்லூரிப் பிள்ளைகளை முதலில் சொல்ல வேண்டும். 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டமும் பிறகு எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காக வந்த ரெட் ரிப்பன் கிளப்புகளும் அவர்களுக்கு வழி திறந்தன. வகுப்பு வகுப்பாகப் போய்ப் பேசுவது, பயப்படுகிறவன் பக்கத்தில் உட்கார்வது, ஜூஸ் பாக்கெட் எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவர்கள் வேலைதான். வீட்டில் ஆயா, "ரத்தம் குடுத்தா ஒடம்பு வீணாப்போயிடும்டா" என்பாள். அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியதும் அந்தப் பிள்ளைதான்.

*

ரத்த தான முகாமில் நான் நெடுநேரம் பார்ப்பது கட்டில்களை அல்ல, வாசலில் இருக்கும் சின்ன மேசையை. அங்கே ஒரு குப்பியில் நீல நிறத்தில் காப்பர் சல்பேட் கரைசல். விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு துளியை அதில் விடுவார்கள். 15 விநாடிக்குள் மூழ்கினால் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12.5 கிராமுக்குக் குறையாமல் இருக்கிறது, உள்ளே போகலாம். துளி தயங்கி மிதந்தாலோ, பாதி இறங்கி மேலே ஏறினாலோ, "நீ வேண்டாம்மா" என்று சொல்லிவிடுவார்கள்.

மிதக்கும் துளிகளில் பெண் பிள்ளைகளின் துளிகள் அதிகம். தோழிகளை இழுத்துக்கொண்டு முதலில் வந்தவளே முகம் வாடித் திரும்பிப் போவாள். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. மாலையில் எத்தனை யூனிட் சேர்ந்தது என்று பலகையில் எழுதுவார்கள். திரும்பிப் போன இவளைப் பற்றி எங்கும் எழுதுவதில்லை. இது எனக்கு ஒப்பவில்லை. இன்று ரத்தம் கொடுக்க முடியாதவள் நாளைக்குப் பிரசவ அறையில் ரத்தம் கேட்கப் போகிறவளாகவும் இருக்கலாம்.

*

1989-இல் ஜிம்பாப்வேயில் இளைஞர்களிடையே ரத்த தானத்துக்கென்று ஒரு சங்கம் உருவானது. எய்ட்ஸ் பரவிக்கொண்டிருந்த நேரம். ஒருதரம் கொடுத்துவிட்டுப் போவதல்ல, 25 தடவை கொடுப்போம் என்பது அவர்கள் எடுத்த உறுதி. கொடுப்பதற்குத் தகுதியாக உடம்பையும் நடத்தையையும் காப்பதும் அந்த உறுதிக்குள் வந்தது. அந்த இரண்டாவது பாதியைத்தான் நம் முகாம்கள் விட்டுவிடுகின்றன என்று தோன்றுகிறது.

*

சேர்த்த ரத்தம் வெகுநாள் தங்காது. பையின் வகையைப் பொறுத்துச் சிவப்பணுக்களுக்கு 35 முதல் 42 நாள், தட்டணுக்களுக்கு வெறும் 5 நாள். தலசீமியா என்ற ரத்த நோய் உள்ள குழந்தைக்கோ சில வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும். கல்லூரிக்கு விடுமுறை விடும் மே மாதத்தில் ரத்த வங்கி அலமாரி காலியாவது இதனால்தான். ஒரே நாளில் நூறு பேரைக் கூட்டுவதைவிட, மாதம் பத்துப் பேர் தவறாமல் போவது மேல். ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம்.

*

கார்வேட்டிநகரம் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் படிப்பவர்கள் நாளைக்கு மண்டலத்துப் பள்ளிகளில் நிற்கப் போகிறவர்கள். அவர்களிடமும், அக்டோபர் 1-ஆம் தேதி தேசியத் தன்னார்வ ரத்த தான நாளுக்கு முகாம் போடும் எல்லா மாணவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கென்று, அவர்கள் சம்மதத்தோடு, தனியாக ஒரு நோட்டு வையுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் இரும்புச்சத்து மாத்திரை கிடைக்கும் என்று அவர்களிடம் சொல்லி அனுப்புங்கள். மூன்று மாதம் கழித்து நீங்களே கூப்பிட்டு, மறுபடி பரிசோதிக்க அழைத்துப் போங்கள்.