கடவுளர் எத்துணையர்?

சென்ற ஆடித் திங்களில் ஒருநாள், என் மகள் வயிற்றுப் பெயரன் தன்னுடன் பயிலும் மாணவர் ஒருவரை ஏனாத்தூரிலுள்ள எம் இல்லத்துக்கு அழைத்து வந்தனன். அம்மாணவர் அயல்நாட்டினர், ஒரே கடவுளை உருவமின்றி வழிபடும் சமயத்திற் பிறந்தவர், அடக்கமும் ஆராயும் விருப்பமும் ஒருங்குடையவர். இருவரும் கச்சி நகரஞ் சென்று, திருவேகம்பம், காமக்கோட்டம், குமரகோட்டம், கச்சபேசம், கயிலாசநாதர் கோயில், வரதராசர் கோயில் என்பவற்றைக் காலையிற் சிலவும் மாலையிற் சிலவுமாகக் கண்டு, விளக்கேற்றிய பின்னர்த் திரும்பினர். உண்டபின் திண்ணையில் அமர்ந்தபொழுது அம்மாணவர் என்னை நோக்கி, "ஐயா, இன்று ஒரு பகலில் யான் கண்ட கடவுளர் பதின்மருக்கு மேலாவர். இவ்வூர் முகப்பிலே வேம்பின் அடியிலும் ஒரு தெய்வங் கண்டேன். நுங்கட்குக் கடவுளர் எத்துணையர்?" என வினவினர். வினாவில் இகழ்ச்சி சிறிதும் இல்லை. யான் வாய் திறக்குமுன் பெயரன் முந்திக்கொண்டு, "எல்லாம் ஒன்றுதான்" என்று கூறிவிட்டுத் தன் கைப்பேசியை நோக்கலாயினன்.

அவ்விடை எனக்கு உவப்பளிக்கவில்லை. அது பொய்யென்று கூறேன். ஆயினும், கணக்கைச் செய்யாது விடையை மட்டும் பலகையில் எழுதிக் காட்டும் பிள்ளையை ஆசிரியன் எங்ஙனம் நோக்குவனோ அங்ஙனமே அவனை நோக்கினேன். இக்காலத்துக் கற்றாரும் கல்லாரும் இவ்வொரு தொடரையே கூறி அமைகின்றனர். கேட்டவர்க்கு ஐயம் அகலாமை ஒருபுறமிருக்க, கூறியவர்க்கே தாம் கூறியது யாதென விளங்காமை அன்றோ பெருங்குறை!

வினா புதியதன்று. பிருகதாரணியக உபநிடதத்திலே, சனகன் அவைக்கண், சாகல்லியர் என்பார் யாக்ஞவல்கியரைத் தேவர் எத்துணையர் என வினவுகின்றனர். மூவாயிரத்து முந்நூற்றறுவர் என்பது முதல் விடை. மீட்டும் வினவ முப்பத்துமூவர், மீட்டும் வினவ அறுவர், பின்னர் மூவர், பின்னர் இருவர், அதன்பின் ஒன்றரை, ஈற்றில் ஒருவர். அவ்வொன்றரை என்னும் விடையைக் கேட்டு நகாதார் யார்? எனினும் முனிவர் முதலிலேயே ஒருவர் என்று கூறி எழுந்து போய்விடவில்லை என்பதே ஈண்டு நோக்கற்பாலது. எண்ணிக் கழித்து, மீட்டும் எண்ணிக் கழித்து, கேட்பவரைத் தம்முடன் நடத்திச் செல்கின்றனர்.

நம் நாட்டிற்கு அயல்நாட்டார் வந்து இவ்வினாவை எழுப்பியதும் பழங்கதையே. 1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு என்னும் பாதிரியார், தமிழரிடம் கேட்டும் அவர்தம் ஏடுகளைப் பயின்றும், தென்னாட்டுத் தெய்வங்களின் வழிமுறையை 1713ஆம் ஆண்டில் ஒரு நூலாக எழுதினர். அது நெடுங்காலம் அச்சேறாது கிடந்து, 1867ஆம் ஆண்டிற் சென்னையில் வெளிவந்தது. மும்மூர்த்திகளும் அவர் குடும்பத்தாரும் ஊர்த்தெய்வங்களும் அந்நூலில் வரிசை வரிசையாக நிற்கின்றனர். ஆயின் அந்நூல் தொடங்குவது அவர்களிடமிருந்தன்று. எல்லார்க்கும் மேலாய பராபரவத்து என்னும் ஒரு பொருளிடமிருந்தே தொடங்குகின்றது. தமிழர் ஒரு முதற்பொருளை உடன்படுகின்றனர் என்பதை மறுக்க வந்தவரே முதற்கண் எழுத நேர்ந்தது.

இனி, குழப்பத்தின் வேர் யாதெனின், தெய்வம் என்னும் ஒரு சொல்லை நாம் மூன்று வேறு பொருள்கண்மேல் வைத்து வழங்குதலேயாம். முப்பொருளுண்மை கூறும் சித்தாந்தத்தார்க்கு இது விளங்காத செய்தியன்று. எனினும் அன்றாட வழக்கில் நாமும் மறந்துவிடுகின்றோம். பதியும் தெய்வம்; பதி உயிர்கள்பொருட்டுக் கொள்ளும் திருமேனியும் தெய்வம்; பதியின் ஆணையால் உலகத் தொழிலொன்றைத் தாங்கி நிற்கும் மேலான உயிரும் தெய்வம். இம்மூன்றையும் ஒருசேரக் குவித்து எண்ணுவார்க்கு முப்பத்து முக்கோடியென எண் பெருகுதல் இயல்பே.

பதி ஒன்றென்பதற்குக் காரணங்காட்டாது வாளா கூறுதல் நம் ஆசிரியர் வழக்கன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் 12 சூத்திரங்களால் ஆயது. அதன் முதற் சூத்திரம் இவ்வாராய்ச்சியிலேயே புகுகின்றது. உலகு தோன்றி நின்று ஒடுங்குவது. ஒடுங்கியது தானே மீளத் தோன்றாது. ஆகலின், எல்லாம் ஒடுங்கியவிடத்துத் தான் ஒடுங்காது எஞ்சி நிற்பவன் எவனோ அவனே மீளத் தோற்றுவிக்கும் முதல்வன் என்பது அதன் கருத்து. இதுவும் ஒருவகைக் கழித்தற் கணக்கே. படைப்போனும் காப்போனும் தத்தம் உலகங்களோடு ஒடுங்குவரெனின், அவரை முதல்வரென எண்ணுதல் இயையாது. (வைணவ அன்பர் இதனை உடன்படார். அவர் கழித்து எஞ்ச நிறுத்துவது மாலை. ஆயினும் எஞ்சுவது ஒன்றென்பதில் அவர்க்கும் நமக்கும் வழக்கில்லை.)

அடுத்தது திருமேனி. கச்சிக் கயிலாசநாதர் கோயிலைச் சுற்றியுள்ள 58 சிற்றாலயங்களையும் வலம்வந்தார் அறிவர். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த அக்கோயிலிலே, கங்கையைத் தாங்குவான், முப்புரம் எரிப்பான், கல்லால நிழலில் இருப்பான், பலிக்குச் செல்வான், ஆடுவான் எனத் திருவுருவங்கள் சுவர்தோறும் நிற்கின்றன. அயல்நாட்டு மாணவர் அவற்றைத் தனித்தனிக் கடவுளரென எண்ணிக்கொண்டு வந்தனர் போலும். மகேசுவர மூர்த்தங்கள் 25 என்பது ஆகமவழக்கு. இருபத்தைந்தும் ஒருவன் கோலமே.

திண்ணையில் எம்முடன் இருந்த அயல்வீட்டார் ஒருவர் பட்டு நெய்பவர். பெரியபுராணத்திற் பழுத்த பயிற்சியுடையவர். அவர் இடைபுகுந்து, "ஒரே பாவில் ஊடை மாற மாற மாங்காயும் வரும், அன்னமும் வரும், உருத்திராக்கமும் வரும். நூலை உருவிவிட்டால் மாங்காய் ஏது, அன்னம் ஏது? அதுபோலத்தான் ஐயா" என்றனர். உவமை இனிது, மாணவரும் மகிழ்ந்தனர். ஆயினும் யான் அதனை அங்ஙனமே விடமாட்டாதேனாயினேன். நூல் சேலையாக மாறுதல்போல இறைவன் உருவமாக மாறுகின்றான் எனின் அவன் விகாரமுடையனாவன். அது பரிணாமவாதமாய் முடியும். "நீர் நூலை இறைவனுக்கு உவமையாக்கினீர்; எம் நூல்கள் நும்மையே அவனுக்கு உவமையாக்கும்" என்றேன். மாங்காயும் அன்னமும் நூலினின்று தாமே எழுந்தன அல்ல. உடுப்பார் விருப்பம் நோக்கி நெய்வார் கருத்திலே முன்னர் எழுந்தன. அவ்வாறே திருமேனிகளும் மாயையினின்று வாராது, உயிர்களின் பக்குவம் நோக்கி அருளினின்று எழுவன. "அப்படியாயின் இறைவனுக்கும் கூலி நிலுவையிலேதான் இருக்கும்" என்று அவர் நகைத்தனர்.

கச்சி நகரமே இவ்வினாவிற்கு ஒரு விடையாக அமைந்திருத்தலை அங்குப் பிறந்தாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்நகரத்துப் பழைய சிவாலயங்களில் அம்பிகைக்குத் தனிச்சந்நிதி வைப்பதில்லை என்பது மரபு. கோயில்தோறும் பெருமான் வேறு பெயருடன் எழுந்தருளியிருப்பினும், அவை அனைத்திற்கும் அம்மை காமக்கோட்டத்தில் உறையும் ஒருத்தியே. அவ்வம்மை மணலால் இலிங்கம் அமைத்து வழிபட்டாளென்பது ஏகம்பத்தின் வரலாறு. மால் ஆமையுருவில் வழிபட்டானென்பது கச்சபேசத்தின் வரலாறு. ஏகம்பத்தின் உள்ளேயே நிலாத்திங்கட்டுண்டம் என்னும் திருமால் பதி, வைணவர் போற்றும் 108 திருப்பதிகளுள் ஒன்றாக விளங்குகின்றது. குமரகோட்டத்தில் வழிபாடு செய்த கச்சியப்ப சிவாசாரியார் ஆண்டே அரங்கேற்றிய கந்தபுராணமோ, ஆறுமுகன் சிவபிரானின் வேறல்லன் என்பதையே நிலைநாட்டுவது. கோயில்கள் பல, அவை ஒன்றையொன்று அறியாதனவாய்த் தனித்து நிற்பன அல்ல. காலைமுதல் மாலைவரை நடந்தவர்க்குக் கட்டடங்கள் தோன்றினவேயன்றி அவற்றினிடையே ஓடும் உறவு தோன்றவில்லை.

மூன்றாவதே அருமையுடையது. தேவர் என்பார் புண்ணிய மிகுதியாற் பதவியெய்திய உயிர்கள். இந்திரன் என்பது ஒருவன் பெயரன்று; ஓர் இருக்கையின் பெயர். திங்கள்தோறும் யான் வங்கிக்குச் சென்று ஓய்வூதியம் வாங்குகின்றேன். எண்ணிக் கொடுப்பவர் ஆண்டிருக்கும் அலுவலர். அவர்க்கு யான் வணக்கங்கூறாது வருவேனல்லேன்; அவரே ஊதியம் அளித்தவரென எண்ணுவேனும் அல்லேன். சிவம், சத்தி, நாதம், விந்து என அருவம் நான்கு. சதாசிவம் என அருவுருவம் ஒன்று. மகேசுரன், உருத்திரன், மால், அயன் என உருவம் நான்கு ஆக, ஒருவனே ஒன்பது நிலையில் நிற்பனென அருணந்தி சிவாசாரியார் கூறுவர். அங்ஙனமாயின் மாலும் அயனும் பதியோ பசுவோ எனின், அத்தொழிலில் இறைவன் தானே நிற்குமிடத்துச் சம்புபட்சமென்றும், பக்குவமுடைய உயிர் அவனாணையால் நிற்குமிடத்து அணுபட்சமென்றும் நம்மவர் பகுத்துணர்த்துவர். இதனை ஈண்டு விரிப்பிற் பெருகும். வேண்டுவோர் சிவஞான முனிவரர் உரைகளிற் காண்க.

இவ்வளவும் பயின்றவன் செய்யத்தக்க பிழை ஒன்றுண்டு. அதனை யான் செய்தேன். நாற்பதாண்டுகளுக்கு மேலாயிற்று. திருமடமொன்றிற் சாத்திரங்களைப் பாடங்கேட்டு முடித்து ஊர் திரும்பிய புதிது. என் இளவல் கடுஞ்சுரத்திற் கிடந்து தேறியிருந்தனன். என் அன்னையார் வேம்படியிலுள்ள அம்மனுக்கு ஆடியிற் கூழ் வார்ப்பதாக நேர்ந்துகொண்டிருந்தார். யான் அவரைத் தடுத்தேன். அது சிறுதெய்வமென்றும், தானே பிறந்திறக்கும் உயிரென்றும், பயன் கொடுக்கும் ஆற்றல் அதற்கில்லையென்றும், கற்றவையெல்லாம் அடுக்கினேன். "நீ படித்தவன், நீ சொன்னால் சரியாய்த்தான் இருக்கும்" என்று கூறிக் கேழ்வரகு மாவை எடுத்து வைத்துவிட்டார். அதன்பின் ஆடி ஞாயிறுகளிற் பம்பை முழங்கும்பொழுதெல்லாம் அடுப்படி வேலையை விட்டு வாயிற்படியில் வந்து நிற்பார். கைகூப்பவும் மாட்டார்; உள்ளே வரவும் மாட்டார். இறக்குமளவும் அங்ஙனமே நின்றார்.

அவர் மறைந்து பல்லாண்டு கழிந்தபின், மாணாக்கர் சிலர்க்குச் சிவஞானசித்தியார் பாடஞ்சொல்லும்பொழுது, முன்னர்ப் பலகால் ஓதிய இடமொன்று என்னை நிறுத்திற்று. எத்தெய்வத்தை ஒருவர் வழிபடினும், உமையொருபாகனே அத்தெய்வமாய் ஆண்டு வந்து நின்று அவ்வழிபாட்டை ஏற்பன். ஏனைத் தெய்வங்கள் பிறந்திறந்து வேதனையுறுவனவாகலின், அவையில்லாத அவனே அறிந்து அருள்வன் என்பது ஆண்டைக் கருத்து. அதன் பிற்பகுதியை வாளாக ஏந்திக்கொண்டு யான் மடத்தினின்று வந்திருந்தேன். முற்பகுதியோ என் அன்னையாருக்குரியதாயிருந்தது. அதனை அவர்க்கு யான் சொல்லவேயில்லை. வேம்படித் தெய்வத்தின் நிலை பற்றி யான் கூறியதில் இன்றும் பிழை காணேன். அவர் அழைத்தபோது செவிகொடுத்தவர் யார் என்பதிலேதான் பிழைத்தேன்.

அங்ஙனமாயின் உயிர்ப்பலியும் அவனுக்கு ஏற்புடைத்தோ எனச் சிலர் வினவுவர். அன்று. ஏற்பவன் ஒருவனென்றமையால் ஏற்கப்படுவன யாவும் ஒத்தனவாகா. இந்நாட்டில் 1950இல் கோயிற்பலியை விலக்கிச் சட்டமியற்றப்பட்டது. 2004இல் அது நீக்கப்பட்டது. சட்டம் வருக, போகுக; கொல்லாமை சைவர்க்குச் சட்டத்தால் வந்ததன்று. அன்பை ஏற்பவன் குருதியை வேண்டான். எல்லாம் ஒன்றே எனப் பொதுப்படக் கூறி அமைவாரிடம் இவ்வேறுபாட்டிற்கு இடமில்லை. எல்லாம் பொய்யே எனச் சினப்பாரிடம் என் அன்னையாருக்கு இடமில்லை.

இவற்றுட் பெரும்பகுதியை அன்றிரவு அம்மாணவர்க்குக் கூறினேன். அன்னையார் செய்தியைக் கூறவில்லை. அதனைப் பெயரனே அவருக்குச் சொல்லியிருத்தல் வேண்டும். மறுநாள் ஞாயிறு. யான் ஆண்டுதோறும் வழக்கமாகச் செய்வதுபோலக் கூழ்ப்பானையைத் தூக்கப் புகுந்தபொழுது, அவர் ஓடிவந்து மற்றொருபுறம் பிடித்துக்கொண்டார். வேம்படியில் வரிசையிலே நின்று ஒரு குவளை வாங்கி அருந்தினர். புளிப்பு அவர்க்குப் புதிது. முகஞ்சுளித்தும் முழுவதும் குடித்தனர். பெயரன் எனக்குச் சிறிய வெங்காயம் கொண்டுவர மறந்துவிட்டான். அதற்காக மீண்டும் வீட்டிற்கு ஓடினன்.