பெஞ்சுக்குப் பின்னால் நிற்பவர்

ஐஸ் ஹாக்கியை நான் நேரில் பார்த்ததில்லை. பனியையே பார்த்ததில்லை. இரண்டு வருடங்களுக்கு முன், தூக்கம் வராத இரவுகளில், யூடியூபில் பழைய ஆட்டங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். அப்படி அறிமுகமானவர்தான் லாரி ராபின்சன். ஏற்றுக்கொண்ட பொறுப்பைப் பாதியில் இறக்கிவைப்பது தவறா என்று அப்போது எனக்குள் ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. அதை அவரை வைத்துத்தான் என்னால் யோசிக்க முடிந்தது.

ராபின்சன் 1951இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பிறந்தவர். பால் பண்ணையில் வளர்ந்த பையன். ஆறடி நாலங்குல உயரம். 1972-73 சீசனில் மொன்றியால் கனேடியன்ஸ் அணிக்குள் வந்தார். டிஃபென்ஸ் ஆட்டக்காரர். எதிரணி ஆள் பக்கைத் தள்ளிக்கொண்டு வேகமாக வரும்போது, இவர் பின்னோக்கிச் சறுக்கியபடியே அவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று கணித்துப் பாதையை அடைக்க வேண்டும். சரியாகச் செய்தால் ஒன்றும் நடக்காது. கோல் விழாது, கூட்டம் எழுந்து நிற்காது.

ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வதை எப்படி அளப்பது? ஹாக்கியில் பிளஸ்-மைனஸ் என்று ஒரு கணக்கு இருக்கிறது. இரு பக்கமும் சம ஆட்கள் ஆடும் நேரத்தில், நீங்கள் களத்தில் இருக்கும்போது உங்கள் அணி கோல் போட்டால் ஒன்று கூடும், வாங்கினால் ஒன்று குறையும். கோலை நீங்களே போட்டிருக்க வேண்டியதில்லை. நீங்கள் அங்கே இருந்தீர்கள், அவ்வளவுதான். 1976-77 சீசனில் ராபின்சனின் கணக்கு பிளஸ் 120. அந்த வருடம் மொன்றியால் 80 ஆட்டங்களில் எட்டில்தான் தோற்றது. இருபது சீசன்களையும் சேர்த்தால் அவர் கணக்கு 700ஐத் தாண்டும். இன்றுவரை அதுதான் சாதனை.

1976 இறுதிச்சுற்றில் அவர் எதிரணியின் கேரி டோர்ன்ஹோஃபரை மோதியதில் களத்தின் ஓரப்பலகை உள்வாங்கிவிட்டது. ஆட்டத்தை நிறுத்தி, பலகையைச் சரிசெய்துவிட்டுத்தான் தொடர்ந்தார்கள். தடுப்பது என்றால் அவருக்கு அதுதான். ஆபத்து வருகிறது, நான் குறுக்கே போய் நிற்கிறேன். உடம்பு இருக்கிறது, கை இருக்கிறது.

ஆறு ஸ்டான்லி கோப்பைகளை வென்று 1992இல் ஓய்வுபெற்றார். பிறகு பயிற்சியாளரானார். கோட் போட்டுக்கொண்டு பெஞ்சுக்குப் பின்னால் நிற்கும் வேலை. களத்தில் எந்த ஓட்டை திறக்கிறது என்று இப்போதும் அவருக்கு மற்றவர்களுக்கு முன்பே தெரியும். போய் அடைக்கத்தான் முடியாது.

2000ஆம் ஆண்டு, லீக் சுற்றில் எட்டே ஆட்டங்கள் மீதி இருந்தபோது, துணைப் பயிற்சியாளராக இருந்தவரிடம் நியூ ஜெர்சி டெவில்ஸ் அணியை ஒப்படைத்தார்கள். அரையிறுதியில் ஃபிலடெல்ஃபியாவிடம் 1-3 என்று பின்தங்கியதும், சாதுவான மனிதர் என்று பெயரெடுத்த ராபின்சன் உடைமாற்றும் அறையில் கத்தித் தீர்த்தார், குப்பைத்தொட்டியை உதைத்துத் தள்ளினார். அடுத்த மூன்று ஆட்டங்களையும் அணி வென்றது. பிறகு டாலஸை வீழ்த்திக் கோப்பையும் வென்றது. அந்தக் கடைசி ஆட்டத்தில் பீட்டர் சிகோரா என்ற இளைஞன் அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். கொண்டாட்டத்தில் ராபின்சன் அவனுடைய ஜெர்சியைப் போட்டுக்கொண்டார். அந்தப் படத்தை நான் ரொம்ப நேரம் பார்த்திருக்கிறேன். எனக்கு அது வெறும் அன்பாக மட்டும் தெரியவில்லை. உன்மேல் விழுந்த அடியை என்னால் தடுக்க முடியலையேன்னு ஒருத்தர் சொல்வது மாதிரியும் இருந்தது. இது என் வாசிப்புதான்.

2002இல் அதே அணி அவரை நீக்கியது. 2005இல் மறுபடி கூப்பிட்டது. அந்த டிசம்பரில், சீசன் பாதியில், அவரே விலகினார். மன அழுத்தமும் உடல்நிலையும்தான் காரணம் என்று வெளிப்படையாகவே சொன்னார்.

இங்கேதான் கேள்வி. இருபத்தைந்து பேர் நம்பியிருக்கும்போது விலகுவது ஓடிப்போவதா?

நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் ஒன்பது வருடம் இருந்தேன். பிழையைக் கண்டுபிடித்து நிறுத்துகிற வேலை. நன்றாகச் செய்தால் ஒன்றும் நடக்காது. பிறகு டீம் லீட் ஆக்கினார்கள். பிழை இன்னொருவர் கையை மீறிப் போகும், நடுராத்திரி போன் எனக்கு வரும். எட்டு மாதத்தில் பதவியைத் திருப்பிக் கொடுத்தேன். அம்மா போனில், "குடுத்ததை யாராவது திருப்பிக் குடுப்பாங்களாடா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

விலகியதற்கு எதிரான வாதத்தை லேசாகத் தள்ள முடியாது. பாரம் காற்றில் கரைவதில்லை, இன்னொருவர் தோளுக்குப் போகிறது. ராபின்சன் விலகியதும் அணியின் பொது மேலாளர் லூ லமோரெல்லோவே பெஞ்சுக்குப் பின்னால் வந்து நிற்க வேண்டியிருந்தது. நான் விட்ட இடத்தில் என்னைவிட இளையவள் ஒருத்தி உட்கார்ந்தாள். அவளுக்கும் தூக்கம் போயிருக்கலாம். நான் கேட்கவில்லை. கேட்காதது தவறு என்று இப்போது தோன்றுகிறது.

டெவில்ஸ் அந்த சீசனின் கடைசிப் பதினோரு ஆட்டங்களையும் வென்று தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. "பாத்தியா, விலகினது சரிதான்" என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் அணி தோற்றிருந்தால் அதே முடிவு தவறாகிவிடுமா? விலகிய அன்று அவருக்கு இந்த வெற்றிகள் தெரியாது. பிளஸ்-மைனஸ் போல முடிவை வைத்து மனிதனைக் கணக்குப் போட்டால், அதிர்ஷ்டத்தையும் அவன் கணக்கிலேயே எழுதிவிடுவோம்.

அதனால் நான் வேறு ஒன்றைக் கேட்கப் பார்க்கிறேன். நான் இங்கே நிற்பது யாரையாவது காக்கிறதா? களத்தில் இருந்தவரை ராபின்சனுக்கு இதில் சந்தேகமே வந்திருக்காது. பெஞ்சுக்குப் பின்னால், உடம்பு நொறுங்கிக்கொண்டிருந்தபோது, வந்திருக்க வேண்டும். நிற்பதால் யாருக்கும் காப்பு இல்லை என்று தெரிந்த பிறகும் நிற்பது பெயருக்காக மட்டும்தான். விலகுகிறவருக்கு இரண்டு கடமைகள் மிச்சம் இருக்கின்றன. காரணத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். பாரம் யாரிடம் போனது என்று திரும்பிப் பார்க்க வேண்டும். முதலாவதை ராபின்சன் செய்தார். ஆட்டத்தை விட்டும் அவர் போய்விடவில்லை. 2012இல் சான் ஹோசே அணியில் இணைப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். முதல் நாற்காலி வேண்டாம், தடுக்கத் தெரிந்ததைச் சொல்லித்தர ஓர் இடம் போதும் என்று நினைத்திருப்பாரோ என்னவோ.

நான் இரண்டு கடமைகளிலும் பாதி பாதிதான் செய்தேன். மேலாளரிடம் "பர்சனல் காரணம்" என்றுதான் எழுதிக் கொடுத்தேன். இந்தக் கட்டுரையை முடித்ததும் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்யலாம் என்றிருக்கிறேன். நடுராத்திரியில் இல்லை, காலையில்.