பருவத்திற்கு வராத பசு

பசுவின் சினைப்பருவத்தை மனிதன் குறித்த நாளில் வருவித்தல் இன்று இயலும். 1995இல் அமெரிக்க விஸ்கான்சின் ஆராய்ச்சியாளர் வெளியிட்ட முறையில், ஒரு ஹார்மோன் ஊசி இட்டு, 7 நாள் கழித்து வேறொன்றும், பின் 2 நாளில் முதல் மருந்தே மீண்டும் இடப்படும். அதன்பின் குறித்த நேரத்தில் சினை ஊசி. பருவக்குறி நோக்கி இராப்பகலாய்க் காத்திருக்க வேண்டுவதில்லை. பல முட்டைகளை ஒருங்கே முதிர்வித்து, கருக்களை எடுத்து வேறு பசுக்களின் கருப்பையில் வைப்பதும் உண்டு. இவை இந்தியாவிலும் கையாளப்படுகின்றன.

இஃது இம்சையாகுமா? ஊசியின் வலி கணநேரமே, வினா அதுவன்று. தீனியின்றி மெலிந்த பசு ஏன் பருவத்திற்கு வருவதில்லை? தன் உயிரைக் காக்கவே அதன் உடல் கருவை ஒத்திவைக்கிறது. வாயற்ற உயிர் தன் பசியைச் சொல்லும் மொழி அது. தீவனம் இடாது ஊசி மட்டும் இடுபவன் அம்மொழியைக் கேளாதவனாகிறான். அத்தகைய பசுவிடம் சினை பிடிப்பதும் குறைவே.

ஆலைச் சங்கு ஊதியதும் பட்டினி கிடந்தவனும் ஓடிவர வேண்டுமென்றால், அதை நாம் அநீதி என்போம் அன்றோ? பசுவுக்கு வேறு நீதி ஏது?

ஆகவே அன்பர்களே, ஊசியை வெறுக்க வேண்டா. முதலில் தீனியும் நீரும், நோய்க்கு மருந்தும்; பின்னரே ஊசி. இவ்வரிசையைக் காப்பதே கருணை.