களஞ்சியமும் உயிலும்

நாளையைக் குறித்துக் கவலை வேண்டாம் என்று ஆண்டவர் போதித்திருக்க, முதுமைக்கென்று பணம் சேர்ப்பது விசுவாசக் குறைவு ஆகாதா? நல்ல கிறிஸ்தவர்களின் உள்ளத்தில் எழும் நேர்மையான கேள்வி இது. சேமித்தால் இறைப் பராமரிப்பை நம்பாதவர்கள் ஆகிறோமோ என்ற அச்சம் ஒருபுறம். சேமிக்காவிட்டால் பிள்ளைகளுக்குச் சுமையாகிவிடுவோமோ என்ற அச்சம் மறுபுறம்.

லூக்கா நற்செய்தியின் 12-ஆம் அதிகாரத்தில் வரும் அறிவற்ற செல்வனின் உவமை நாம் அறிந்ததே. அது எந்தச் சூழலில் சொல்லப்பட்டது என்பதை மட்டும் எளிதில் மறந்துவிடுகிறோம். பாகப்பிரிவினைத் தகராறு ஒன்றைத் தீர்த்துவைக்குமாறு ஒருவர் வேண்டியபோதே இயேசு இவ்வுவமையைச் சொன்னார். அச்செல்வன் களஞ்சியம் கட்ட எண்ணியதில் குற்றமில்லை. அவன் தனக்குள் நடத்திய ஆலோசனையில் அவனைத் தவிர வேறு எவரும் இடம்பெறவில்லை என்பதே குற்றம். யோசேப்பும் எகிப்தில் களஞ்சியம் கட்டினார்; ஏழு வள ஆண்டுகளின் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துவைத்தார். அது பஞ்சத்தில் மக்களைக் காத்தது. ஆகவே, சேர்க்கலாமா என்பதைவிட, யாருக்காகச் சேர்க்கிறோம் என்பதே மனச்சான்றின் கேள்வி.

நம்மில் பெரும்பாலோர்க்கு ஓய்வூதியம் கிடையாது. மீனவருக்கும், கொத்தனாருக்கும், சிறு கடை நடத்துபவருக்கும் வருங்கால வைப்பு நிதியும் பொதுவாக இல்லை. இவர்களுக்குச் சேமிப்பு ஆடம்பரம் அன்று, தன்மானத்தின் காவல். ஆனால் பணத்தைப் பெட்டியில் பூட்டிவைப்பதும் போதாது. விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால், இன்று 100 ரூபாய்க்குக் கிடைப்பது பன்னிரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 200 ரூபாய் ஆகிவிடும். எனவே இளமையிலேயே தொடங்குவதும், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போடாதிருப்பதும் விவேகம். வழக்கத்திற்கு மீறிய வட்டி தருவதாக ஆசை காட்டுவோரிடம் முதுமைக்கான பணத்தை ஒப்படைப்பது விவேகமும் அன்று, விசுவாசமும் அன்று.

பணம் எவ்வளவு ஈட்டுகிறது என்பதோடு, எங்கே சென்று ஈட்டுகிறது என்பதும் நமக்கு முக்கியம். முதலீடு செய்யும் முடிவு ஓர் அறநெறி முடிவும் ஆகும் என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1991-இல் வெளியிட்ட 'நூறாம் ஆண்டு' என்னும் சுற்றுமடலில் கற்பித்தார். கந்துவட்டியால் ஏழையைப் பிழிந்து வரும் வருவாய், நம் முதுமைக்கு உணவாகலாம், ஆசியாகாது.

அடுத்த கேள்வி, சேர்த்ததை எப்போது கொடுப்பது? உயிரோடிருக்கும்போதே அனைத்தையும் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டு அவர்களை எதிர்பார்த்து நிற்கலாகாது. இறுதி நாளில் பகிர்ந்தளிப்பதே நலம் என்பது சீராக்கின் ஞானம் 33-ஆம் அதிகாரத்தின் அறிவுரை. பாசத்தின் மிகுதியால் இருக்கும் ஒரே வீட்டையும் மகன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வீட்டின் திண்ணையில் அந்நியரைப் போல் ஒதுங்கும் தாய்மார் நம் ஊர்களில் இல்லையா? 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இதற்கு ஒரு தீர்வு தருகிறது. தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தைப் பெற்றவர் அக்கடமையில் தவறினால், அப்பத்திரத்தைத் தீர்ப்பாயம் செல்லாததாக்கலாம். அந்நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதிவைப்பது அவநம்பிக்கையன்று. பிள்ளைகளையும் சோதனையினின்று காக்கும் வழி.

பெண் மக்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். தந்தையின் சொத்தில் உரிமை கேட்டு மோசேயின் முன் நின்ற செலொபுகாதின் ஐந்து புதல்வியரின் வழக்கு நியாயமானதே என்று ஆண்டவரே தீர்ப்பளித்ததை எண்ணிக்கை நூல் 27-ஆம் அதிகாரம் கூறுகிறது. ஆயினும் 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், உயிலின்றி இறந்தவரின் மகளுக்கு, மகனின் பங்கில் கால் பங்கு அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதையே அளித்தது. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பே அந்நிலையை மாற்றியது. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயிலின்றி இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு. எஞ்சியது மகன், மகள் என்ற வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாக. சட்டம் இவ்வாறிருக்க, சீர் கொடுத்துவிட்டோம் என்று சொல்லி மகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் வாங்கும் குடும்பங்கள், எந்த நீதியை நற்கருணைப் பந்திக்குக் கொண்டுவருகின்றன?

உயில் எழுதுவதைச் சாவை அழைப்பதாக எண்ணி அஞ்ச வேண்டாம். எழுதியவர் கையொப்பமிட்டு, இரு சாட்சிகள் சான்றொப்பமிட்டால் போதும். பதிவு கட்டாயமன்று, ஆயினும் நன்று. சொத்துப் பெறுபவரைச் சாட்சியாக வைத்தல் கூடாது. வைத்தால், கிறிஸ்தவரின் உயிலில் அவருக்கு எழுதியது செல்லாமல் போகும். உயில் எழுதிய பின் திருமணம் செய்தால் பழைய உயில் தானே இரத்தாகும். வங்கிக் கணக்கில் நாமினியாகக் குறிக்கப்பட்டவர் பணத்தைப் பெற்றுக்கொள்ள உரியவரே அன்றி, அதனாலேயே அதன் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்பதையும் அறிந்திருப்பது நலம்.

இறுதியாக, திருச்சபைக்கு எழுதிவைப்பது பற்றி. நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர், சமய, அறப்பணிகளுக்கு உயில் எழுதுவதற்கு 118-ஆம் பிரிவு விதித்திருந்த கடுந்தடையை உச்ச நீதிமன்றம் 2003-இல் நீக்கிவிட்டது. தடை நீங்கியதால் பொறுப்பு நம் மனச்சான்றின் மேல் விழுந்துள்ளது. கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை, கொர்பான் வழக்கத்தைச் சுட்டிக்காட்டி இயேசு கண்டித்தார். கைம்பெண்ணான மருமகளையும், ஊனமுற்ற மகனையும் வெறுங்கையராக்கிக் கட்டப்படும் கோபுரத்தை ஆண்டவர் விரும்பமாட்டார். அவர்களுக்கு உரியதை ஒதுக்கியபின், ஓர் ஏழை மாணவனின் படிப்புக்கோ பங்கின் அறப்பணிக்கோ ஒரு பகுதி எழுதிவைப்பது அழகிய சாட்சியம்.

நம் உயில் நாம் இல்லாதபோது நம் சார்பில் பேசும் கடைசி வார்த்தை. அதை வாசிக்கக் கேட்கும் பிள்ளைகள் ஒருவரையொருவர் நீதிமன்றத்தில் சந்திக்கப் போகிறார்களா, நம் நினைவுத் திருப்பலியில் ஒரே இருக்கையில் அமரப் போகிறார்களா என்பது, இன்று நாம் அமைதியாக அமர்ந்து எழுதும் அந்தச் சில பக்கங்களைப் பெரிதும் பொறுத்தது.