எந்த ஊர் சாமி நம் சாமி?

'உங்களுக்கு எந்த ஊர்?'

சென்னையில் இருபது வருஷமாகக் குடியிருக்கிறீர்கள். ரேஷன் கார்டு இங்கே, ஓட்டு இங்கே, பிள்ளைகள் பிறந்து வளர்ந்ததும் இங்கேதான். ஆனாலும் ஒருவர் இப்படிக் கேட்டதும் உங்கள் வாயில் வருவது என்ன? 'திருநெல்வேலிப் பக்கம்', 'கும்பகோணத்துக்குக் கிட்டே' என்றுதானே! மயிலாப்பூர் என்றோ, அம்பத்தூர் என்றோ சொல்ல நாக்கு எழுவதில்லை.

பேச்சில் இது சாதாரண விஷயம். கோயிலில்தான் தர்மசங்கடம். கபாலீஸ்வரர் சந்நிதியில் தீபாராதனை நடக்கிறது. கை கூப்பி நிற்கிறீர்கள். மனமோ, ஊர்க் கோடியில் வேப்பமரத்தடியில் இருக்கும் அம்மன் முன்னால் நிற்கிறது. 'வேலையும் வீடும் கொடுத்து வாழவைத்த சுவாமியை அரை மனதோடு கும்பிடுகிறோமே!' என்று ஓர் உறுத்தல். சிலருக்கு நேர்மாறான கவலை. 'கற்பகாம்பாளிடம் இத்தனை ஒட்டிக்கொண்டு விட்டோமே, குலதெய்வம் கோபித்துக்கொள்ளாதா?' வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போய், ஜோசியரும் 'குலதெய்வக் குறை' என்று சொல்லிவிட்டால் கேட்கவே வேண்டாம்!

பயத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, தெய்வங்களே ஊர் விட்டு ஊர் போன வரலாற்றைப் பார்ப்போமா?

1323-ஆம் ஆண்டு. டில்லிப் படைகள் திருவரங்கத்தை நெருங்குகின்றன. பிள்ளை லோகாசாரியர் தலைமையில், உற்சவரான அழகிய மணவாளனை எழுந்தருளச் செய்துகொண்டு அடியார்கள் தெற்கே புறப்பட்டார்கள். தள்ளாத வயதில் இருந்த லோகாசாரியர், மதுரைக்கு அருகே ஜ்யோதிஷ்குடியில் பரமபதம் அடைந்தார். பெருமாளின் பயணம் மட்டும் நிற்கவில்லை. மலையாள தேசம், மேல்கோட்டை என்று அலைந்து, திருமலையில் பல ஆண்டுகள் தங்கினார். அங்கே அவர் எழுந்தருளியிருந்த மண்டபத்துக்கு ரங்கநாயக மண்டபம் என்றே பெயர். 1371-ல்தான் அவரால் திருவரங்கம் திரும்ப முடிந்தது. இடையில் ஓடிப்போனவை 48 வருஷங்கள்!

திரும்பி வந்தவரை ஊருக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் இல்லாத காலத்தில் இன்னொரு திருமேனியைப் பிரதிஷ்டை செய்து ஆராதித்து வந்தார்கள். பழைய பெருமாள் யார் என்ற சந்தேகம் எழுந்தது. பெருமாளின் வஸ்திரங்களை வெளுத்து வந்த ஈரங்கொல்லி ஒருவர்; பார்வை இழந்த முதியவர். திருமஞ்சனம் கண்ட ஈரவாடையின் மணத்தை அறிந்து, 'இவரே நம்பெருமாள்' என்றாராம். அந்தப் பெயரே நிலைத்தது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடுவார்கள். எனக்கு அடுத்த விஷயம்தான் பெரிதாகப் படுகிறது. இடைக்காலத்தில் ஊரைக் காத்த அந்த இன்னொரு மூர்த்தியை யாரும் வெளியே அனுப்பிவிடவில்லை. 'திருவரங்க மாளிகையார்' என்ற திருநாமத்தோடு அவரும் அங்கேயே ஆராதிக்கப்படுகிறார். ஒருவர் வந்ததால் இன்னொருவர் போக வேண்டியதாகவில்லை. நம்பெருமாளும், 'இது என் ஊர் அல்ல' என்று திருமலையில் சேவை சாதிக்காமலா இருந்தார்?

சரி, அவர் திரும்பி வந்தார். திரும்பவே திரும்பாத தெய்வமும் உண்டு. காஞ்சியிலிருந்து புறப்பட்ட பங்காரு காமாட்சி, உடையார்பாளையம், திருவாரூர் என்று தங்கித் தங்கி, 18-ஆம் நூற்றாண்டில் தஞ்சைக்கு வந்து சேர்ந்தாள். மேல ராஜவீதியில் இன்றும் இருக்கிறாள். அவளுக்குப் பூஜை செய்த குடும்பம் கூடவே வந்தது. அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான் 1762-ல் திருவாரூரில் பிறந்த சியாமா சாஸ்திரிகள். அவர் உருகி உருகிப் பாடியது தஞ்சையில் குடியேறிய இந்த அம்பாளைத்தான்.

இவ்வளவு ஏன், மயிலை கபாலீஸ்வரரே பழைய இடத்தில் இல்லையே! சம்பந்தர் பாடிய காலத்துக் கோயில் கடற்கரையில் இருந்தது. போர்த்துகீசியர் வந்த பிறகு அது அழிந்து, இப்போதைய கோயில் பின்னால் எழுந்தது. நீங்கள் தயங்கித் தயங்கி நிற்கிறீர்களே, அந்தச் சந்நிதியில் இருப்பவரும் இடம் மாறி வந்தவர்தான்.

குலதெய்வ விஷயத்திலும் நம் முன்னோர்கள் ஒரு வழி செய்து வைத்திருக்கிறார்கள். தென்மாவட்டங்களில் 'பிடிமண்' என்பார்கள். பிழைக்கப் போனவர்கள், மூலக் கோயிலில் உத்தரவு கேட்டு ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டு போய், போன இடத்தில் வைத்துக் கோயில் எழுப்பிவிடுவார்கள். ஒரே சாமிக்குப் பல ஊர்களில் கோயில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மூலக் கோயிலுக்குக் குறைவு வந்ததாக யாரும் நினைத்ததில்லை.

ஆக, இரண்டு இடத்திலும் மனம் ஒட்டியிருப்பதில் துரோகம் ஒன்றும் இல்லை. நான் குறையாகக் கருதுவது வேறொன்றை. 'எங்க ஊர் மாதிரி வருமா?' என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டு, குடியிருக்கும் தெருவில் உள்ள பிள்ளையாரை எட்டிக்கூடப் பார்க்காதவர் உண்டு. அடுத்த வீட்டில் ஒரு சாவு என்றால், 'நமக்கென்ன, நாம் வெளியூர்' என்று கதவைச் சாத்திக்கொள்பவர் உண்டு. சரி, அந்த ஊருக்காவது ஏதேனும் செய்கிறாரா? கும்பாபிஷேகக் கல்வெட்டில் பெயர் வர ஆயிரக்கணக்கில் கொடுப்பார். மற்ற நாட்களில் அங்கே விளக்கு எரிகிறதா என்று கேட்கமாட்டார். (டியூப் லைட்டில் வெளிச்சம் தெரியாதபடி 'உபயம்' எழுதி வைப்பதைப் பற்றித் தனியாகவே எழுதலாம்!) இவருடைய ஏக்கத்தால் எந்த ஊருக்கு என்ன பயன்? அது பக்தியின் வேஷம் போட்ட சோம்பல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது குருக்கள் என்ன கேட்கிறார்? பெயர், நட்சத்திரம், கோத்திரம். சொந்த ஊரைக் கேட்பதில்லை. சங்கல்பத்தில் சொல்லப்படுவதும் இப்போது நீங்கள் நிற்கும் இடம்தான். முன்னோர் வழியைக் கோத்திரம் சொல்லிவிடுகிறது. ஒரே மூச்சில் இரண்டும் அடங்கிவிடுகின்றன.

பங்குனி உத்திரத்துக்கு நெல்லைச் சீமையின் சாஸ்தா கோயில்களில் கூடும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். எங்கெங்கோ பிழைப்பவர்கள் வந்து, பொங்கலிட்டுப் படைத்துவிட்டு, மறுநாளே வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். நீங்களும் போகிறவர் என்றால், இந்த முறை பூசாரியிடம் ஒரு வார்த்தை விசாரியுங்கள்: மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வேண்டும், இப்போது யார் வாங்கித் தருகிறார்கள் என்று. ரயிலில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னால்தான் திறக்கிறது. மார்கழிக் கடைசியிலேயே பஞ்சாங்கத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும்.