உடலினுள் ஓர் ஒட்டு

கொல்லன் அடித்த கொழு முறிந்தால் உழவன் அவனிடமே திரும்பி வருவான். உடலினுள் பொருத்தப்படும் உலோகத்துக்கு அத்தகைய மீள்வருகை அரிது. 1979ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதிக்கப்பட்ட பியோர்க்-ஷைலி குவிவு-குழிவு இதய வால்வினை நோக்குவோம். அதன் தட்டைத் தாங்கிய இரு கம்பி வளைவுகளுள் ஒன்று வளையத்தோடு ஒரே உலோகமாய் அமைந்தது. மற்றையது உருக்கி ஒட்டப்பட்டது. இதயமோ நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் தடவை துடிப்பது. சிலரில் அவ்வொட்டு முறிந்து, தட்டு குருதியோடு அடித்துச் செல்லப்பட்டது; பலர் மாண்டனர். 1986இல் விற்பனை நிறுத்தப்படுமுன் ஏறத்தாழ 86,000 வால்வுகள் பொருத்தப்பட்டுவிட்டன.

அவற்றைச் சுமந்தோருக்கு உண்மையை உரைத்தல் வேண்டுமா? வால்வை மாற்றும் சத்திரசிகிச்சை அவர்களுட் பலருக்கு முறிவினும் ஆபத்தானது. செய்வதற்கு ஒன்றுமில்லாதவனிடம் அச்சத்தை மட்டும் கையளிப்பது கருணையாகுமா என்பது ஒரு வாதம். அதில் நியாயமில்லை என்பதற்கில்லை. ஆயின் அதே மௌனம் விற்றவனுக்கும் ஆதாயமானது என்பதை மறத்தலாகாது. மேலும், செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதே முழு உண்மையன்று. திடீரென மூச்சுத் திணறும்போது எங்கு விரைவது, மருத்துவரிடம் எதனைக் கூறுவது என அறிந்தவன் உடனடிச் சத்திரசிகிச்சையாற் பிழைக்கக்கூடும். அறியாதவனுக்கு அவ்வாய்ப்பும் குறைவு.

பின்வந்த வால்வில் இரு வளைவுகளும் வளையத்தோடு ஒரே துண்டிலிருந்து கடைந்தெடுக்கப்பட்டன. பழையதைச் சுமந்தோர் அதனைச் சுமந்தவாறே இருந்தனர்.